பக்கவாசலில் கொடுத்த சமாதானம்

எங்கள் சபைக்கு ஆண்டு விழா மலர் போடுவதென்று கமிட்டி முடிவு செய்தபோது, படம் எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை. பழங்காநத்தத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன், ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருகிறேன், ஆகவே இது எனக்குக் கர்த்தர் கொடுத்த ஊழியம் என்று அவர்களே தீர்மானித்துவிட்டார்கள். "நம்ம சிஸ்டர் இருக்கும்போது வெளி ஆளு எதுக்கு?" என்றார் சபைச் செயலர். வெளி ஆள் கூலி கேட்பான் என்பது அதன் பொருள்.

செயலரின் மகள் வெளிநாட்டில் இருக்கிறாள். அங்கே அவள் போகிற ஆலயத்தின் மலரை அப்பாவுக்கு அனுப்பியிருந்தாள். அதில் ஒருவர்கூட கேமராவைப் பார்க்கவில்லை. சிரிக்கிறார்கள், கொட்டாவி விடுகிறார்கள், குழந்தைக்கு மூக்குத் துடைக்கிறார்கள். செயலருக்கு அது பிடித்துப்போயிற்று. "வரிசையா நிக்க வச்சு எடுக்கிறதெல்லாம் பழசு சிஸ்டர். எல்லாம் கேண்டிட்டா இருக்கணும்" என்றார்.

மதுரையில் கேண்டிட் என்றால் என்னவென்று கல்யாண வீட்டுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பெண்ணை ஜன்னல் ஓரம் நிறுத்தி, "அந்தப் பக்கம் பாருங்க, ஏதோ நெனச்சு சிரிங்க" என்று சொல்லி எடுப்பது. நானே அப்படி நூற்றுக்கணக்கில் எடுத்துப் பிழைத்தவள்தான். எங்கள் சபையும் அப்படித்தான் புரிந்துகொண்டது. முதல் ஞாயிறு ஒரு பெரியம்மா என்னிடம் வந்து, "எந்தப் பக்கம் பாக்காம இருக்கணும்?" என்று கேட்டார். பாடகர் குழுப் பெண்கள் ஒரே நிறத்தில் சேலை உடுத்தி வந்துவிட்டார்கள். பிரசங்கம் தொடங்கினாலே தலை தொங்கிவிடும் ஒரு மூப்பர், அன்றைக்குக் கண்களை இறுக மூடி, முகத்தில் பரவசத்தை வரவழைத்துக்கொண்டு, உதட்டோரமாக, "எடுத்தாச்சா சிஸ்டர்?" என்றார்.

நான் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டேன். அலுத்துப்போனால் மறந்துவிடுவார்கள், மறந்தால்தான் முகம் வெளியே வரும். கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில், தூணோரம் எனக்கு வசதியான இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தால் பக்கவாசல் தெரியும். அந்த வாசலுக்கு வெளியேதான் எல்லோரும் செருப்பை விடுவார்கள். ஒரு மாதத்துக்கெல்லாம் சபை என்னை ஒரு நாற்காலி மாதிரி பார்க்கப் பழகிவிட்டது. அப்போதுதான் அந்தப் பெரியவர் என் கண்ணில் பட்டார்.

அவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அரசு பஸ் டிரைவர். ஆரப்பாளையத்திலிருந்து தேனி ரூட்டில் வருஷக்கணக்காக ஓட்டி ரிட்டயர் ஆனவர். அந்தக் காலத்தில் முன்வரிசையில் உட்காருவார். பாட்டுப் பாடினால் பின்வரிசைக்குக் கேட்கும். இப்போது கடைசி பெஞ்சில், அதிலும் பக்கவாசலை ஒட்டிய ஓரத்தில்தான் உட்காருவேன் என்று பிடிவாதமாக இருந்தார். முழங்கால் வலி, வெளியே எழுந்து போக வசதி என்று சொல்லிக்கொள்வார். வழிபாட்டின் நடுவே அவர் எழுந்து போய் நான் பார்த்ததில்லை.

அந்த ஓரத்துக்கு உண்மையான காரணம் அவருடைய மகள். அவள் மேலூர்ப் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொண்டாள். இந்துப் பையன். மதம்தான் பிரச்சினை என்று சபையில் பேசிக்கொண்டார்கள். மதத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. அதை எங்கள் ஆட்கள் ஆலயத்தில் வாய்விட்டுச் சொல்வதில்லை, கல்யாணத் தரகரிடம் மட்டும் சொல்வார்கள்.

பெரியவரின் மகன் அந்தச் சமயத்தில் கமிட்டித் தேர்தலுக்கு நின்றிருந்தான். தங்கச்சியை அடக்கத் தெரியாதவன் சபையை எப்படி நடத்துவான் என்று எதிரணி கேட்டது. மகன் அப்பாவை ஆலய ஆபீஸ் அறைக்கு அழைத்துப் போனான். போதகர் முன்னிலையில் பெரியவர் வேதப்புத்தகத்தின்மேல் கை வைத்தார். மகளோடு இனிப் பேசமாட்டேன், அவள் வாசலை மிதிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தார். சத்தியமே பண்ணாதே என்று உள்ளே எழுதியிருக்கிற புத்தகத்தின்மேல் சத்தியம். ஒருவருக்கும் அது உறுத்தவில்லை. மகன் ஜெயித்தான். பெரியவர் சாப்பிடுவதும் படுப்பதும் அந்த மகன் வீட்டில்தான்.

இனி நான் பார்த்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆலயத்தில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சை ரசமும் கொடுப்பதற்கு முன்னால் சமாதானம் கொடுப்பது என்று ஒரு முறை உண்டு. போதகர் பீடத்திலிருந்து இறங்கி வந்து, முன்வரிசையில் இருப்பவரின் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துச் சமாதானம் சொல்வார். வாங்கியவர் பக்கத்தில் இருப்பவருக்குக் கொடுப்பார். அவர் அடுத்தவருக்கு. இப்படிக் கை மாறிக் கை மாறி அது கடைசி பெஞ்சு வரை வரும். வாங்கியதைத் தானே வைத்துக்கொள்ளக்கூடாது, அடுத்தவருக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கடைசியில் இருப்பவர் யாருக்குக் கொடுப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. பெரும்பாலும் அவர் கையை மடியில் போட்டுக்கொள்வார்.

அப்படி ஒரு திருவிருந்து ஞாயிறு, முன்பெஞ்சுக்காரர் திரும்பிப் பெரியவருக்குச் சமாதானம் கொடுத்தார். பெரியவர் இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கி, அப்படியே பக்கவாசல் பக்கம் திரும்பினார். வெளியே செருப்புகளுக்கு நடுவில், சேலைத் தலைப்பை முக்காடிட்டுக்கொண்டு மகள் நின்றிருந்தாள். அவர் வாசல் நிலைக்கு அந்தப் பக்கம் கையை நீட்டினார். அவள் தன் கையை உள்ளே கொடுத்தாள். அவர் மூடிக்கொண்டார். ஒரு வார்த்தை இல்லை. பேசமாட்டேன் என்றுதானே சத்தியம், சமாதானம் கொடுக்கமாட்டேன் என்று அவர் சொல்லவில்லையே. பக்கத்தில் இருப்பவருக்குக் கொடு என்பது சபையின் முறை. பக்கத்தில் இருப்பது அவள்.

 கேமராவில் என் கை தன் வேலையைச் செய்தது. பெரியவர் முகம் படத்தில் முழுக்க விழுந்தது. அவள் முகம் முக்காட்டுக்குள் பாதிதான். கைகள் ஒன்றாகத் தெளிவாக விழுந்திருந்தன. என் தொழிலில் இவ்வளவு நல்ல படம் நான் எடுத்ததில்லை.

அவள் உடனே கிளம்பிவிட்டாள். நான் பின்னாலேயே ஓடி கேட் அருகே பிடித்தேன்.

"எடுத்ததப் பாத்தேன்க்கா" என்றாள். "அழிச்சிறாதீங்க. கல்யாணத்துக்கப்புறம் அப்பாவும் நானும் சேந்து ஒரு போட்டோகூட இல்ல."

அவளுடைய போனுக்கு அங்கேயே அனுப்பினேன். அதை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, "மலர்ல போடுவாங்களாக்கா?" என்று கேட்டாள். நீ சரி என்றால் கேட்கிறேன் என்றேன். "எனக்கு என்னக்கா. அப்பாட்ட கேளுங்க. அவரு சரின்னா போடுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு ஷேர் ஆட்டோ ஏறினாள்.

அடுத்த வாரம் பெரியவரிடம் காட்டினேன். கேமராவின் பின்பக்கத்தை வெயில் படாமல் கையால் மறைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"போடு தாயி" என்றார். "நான்தான பேசக்கூடாது. புஸ்தகம் பேசுனா யாரு என்ன செய்வா? வீட்டுக்கு ஒண்ணு குடுப்பாங்கள்ல? என் மகன் வீட்டுக்கும் வரும்ல?"

அந்தக் கிழவர் அவ்வளவு கணக்குப் போட்டு வைத்திருந்தார். சபையே அச்சடித்த புத்தகத்தில் மகள் தன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அதற்குப் பிறகு அவளை யார் இல்லையென்று சொல்ல முடியும்? எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

கடவுள் வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்று சொல்வார்கள். எங்களுக்குப் பூசாரி கிடையாது, கமிட்டி இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மாலை சபை ஹாலில் டீயும் மிக்சரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். படங்களைப் பென் டிரைவில் கொடுத்தேன். சுவரில் ஒவ்வொன்றாகப் போட்டார்கள். அவரவர் முகம் வரும்போது அவரவருக்குப் பிடிக்கவில்லை. "இவ்வளவு குண்டாவா இருக்கேன்?" என்று பொருளாளர் வருத்தப்பட்டார்.

பெரியவர் படம் வந்தது.

"அல்லேலூயா" என்றார் போதகர். எழுந்தே நின்றுவிட்டார். "பாருங்க, என்ன ஒரு காட்சி! வாசல்ல நிக்கிற ஏழைக்கும் சமாதானம் குடுக்கிற சபை. இத வச்சே நான் ஒரு பிரசங்கம் பண்ணலாம்."

"அட்டைப்படம் இதான். வேற பேச்சே இல்ல" என்றார் செயலர்.

எனக்கு ஒரு நிமிடம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. செருப்புக்குப் பக்கத்தில் முக்காடு போட்டு நிற்பதால் அவளைப் பிச்சை கேட்க வந்தவள் என்று நினைத்துவிட்டார்கள். இந்த ஆலயத்தில் ஞானஸ்நானம் வாங்கி, இதே பாடகர் குழுவில் பாடி, கிறிஸ்துமஸ் நாடகத்தில் வருஷா வருஷம் தேவதூதனாக நின்ற பெண். அவர்கள் கண்ணுக்கு அவள் வாசலுக்கு வெளியே நிற்பவளாக மட்டும் தெரிந்தாள். நான் மகனைப் பார்த்தேன். அவனும் அந்த மேஜையில்தான் இருந்தான். டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்குத் தெரிந்துவிட்டது. கூடப் பிறந்தவளின் கை தெரியாமலா போகும்?

"பிரதர், அப்பாவுக்கு எம்புட்டுத் தாழ்மை பாருங்க" என்று செயலர் அவன் தோளைத் தட்டினார். "யாரு அந்தம்மா? அடிக்கடி வருமா?"

அவன் ஒரு வாய் டீ குடித்தான். "எப்பயாச்சும் வரும். ஏதாச்சும் குடுத்து அனுப்புவோம்" என்றான்.

எங்கள் சபையில் எல்லோரும் எல்லோருக்கும் பிரதர், சிஸ்டர்தான். சொந்தத் தங்கச்சி மட்டும் பிச்சைக்காரி. 

"அது யாசகம் கேக்க வந்த பொம்பள இல்ல" என்றேன். "இவரு கூடப்பொறந்த தங்கச்சி. அப்பாவப் பாக்க மேலூர்லருந்து பஸ் ஏறி வாரா. உள்ள வர விடமாட்டீங்கன்னு செருப்புக்குப் பக்கத்துல நிக்கிறா."

மிக்சர் மெல்லுகிற சத்தம் நின்றுபோயிற்று. போதகர் மெல்ல உட்கார்ந்தார். முதலில் வாயைத் திறந்தது செயலர்தான். "படத்துல வெளிச்சம் கொஞ்சம் கம்மியா இருக்கு சிஸ்டர்" என்றார். பொருளாளர் அதை ஆமோதித்தார். அட்டைக்கு இது பொருந்தாது, அட்டைக்குக் கோபுரம்தான் நன்றாக இருக்கும் என்றார் இன்னொருவர். ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பிரசங்கத்துக்கு ஆன படம் இப்போது பாஸ்போர்ட்டுக்குக்கூட ஆகாமல் போய்விட்டது.

வெளியே வந்ததும் மகன் என் வண்டிப் பக்கம் வந்தான். "சிஸ்டர், நீங்க சும்மா இருந்திருந்தா அப்பாவுக்கும் சந்தோஷம், சபைக்கும் சந்தோஷம். எல்லாத்தையும் கெடுத்துட்டீங்க" என்றான். கத்தவில்லை. புத்தி சொல்கிற மாதிரி சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அவன் சொன்னதை நான் தூக்கியெறிந்திருப்பேன். பெரியவர் சொன்னதைத்தான் எறிய முடியவில்லை. நடந்ததை ஒன்றுவிடாமல் அவரிடம் சொன்னேன். நன்றாகக் கேட்டாய் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "பிச்சக்காரின்னே போட்டிருக்கட்டும் தாயி. போட்டோவாச்சும் வந்திருக்கும்" என்றார்.

பெற்ற மகளைப் பிச்சைக்காரி என்று அச்சடித்தாலும் சம்மதம் என்கிற அளவுக்கு ஒரு மனிதரைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். அவரும் போய் உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். இன்றைக்குக் கேட்டாலும் நான் அந்த மேஜையில் அதையேதான் சொல்வேன்.

மலர் வந்தது. அட்டையில் கோபுரம். உள்ளே ஒரு மூலையில், என்னைக் கேட்காமலே, அந்தப் படமும் இருந்தது. பென் டிரைவ் அவர்களிடம்தானே இருந்தது. வாசலையும் அவளையும் வெட்டிவிட்டார்கள். ஆனால் கைகளை வெட்ட வழியில்லை. அவர் கைக்குள் அவள் கை இருக்கிறதே. அதற்கு அச்சகத்துப் பையன் ஒரு வழி கண்டுபிடித்திருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி, அந்த இடத்தில் ஒரு வேதப்புத்தகத்தை ஒட்டிவிட்டான். மகள் கையைப் பிடித்திருந்தவர் இப்போது வேதப்புத்தகத்தைப் பிடித்திருந்தார். கீழே, 'ஜெபவாழ்வில் ஒரு மூத்த அங்கத்தினர்' என்று போட்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் என் பெயரையும் நன்றியோடு அச்சடித்திருந்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். மலர் வெளியான வாரமே பக்கவாசலுக்குப் பூட்டுப் போட்டார்கள். செருப்புத் திருட்டுப் போகிறதாம். என் நினைவு தெரிந்து எங்கள் ஆலயத்தில் ஒரு செருப்பும் திருட்டுப் போனதில்லை. மாறிப் போவதுண்டு, அடுத்த ஞாயிறு திரும்பி வந்துவிடும்.

அடுத்த திருவிருந்து ஞாயிறு வந்தது. பெரியவர் அதே கடைசி பெஞ்சில், அதே ஓரத்தில், பூட்டின கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தார். சமாதானம் வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. முன்பெஞ்சுக்காரர் திரும்பிக் கொடுத்தார். பெரியவர் வாங்கினார். கதவைப் பார்த்தார். பிறகு பெஞ்சைப் பிடிக்காமலே எழுந்தார். தண்ணீர் ஏந்திக்கொண்டு போகிறவர் மாதிரி இரண்டு கையையும் சேர்த்து மூடிக்கொண்டு, முழங்காலை இழுத்து இழுத்துப் பெரிய வாசல் வழியாக வெளியே போனார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நானும் எழுந்து பின்னால் போனேன்.

சுவரோரமாகச் சுற்றிப் பக்கவாசலுக்கு வந்தார். படியில் யாரும் இல்லை.

"பஸ்ஸு லேட்டாயிருக்கும்" என்றார் என்னிடம். "முகூர்த்த நாளு. மேலூர் வண்டில கூட்டமா இருக்கும்."

வெயிலில் நின்றார். கையைப் பிரிக்கவில்லை. உள்ளே பாட்டுத் தொடங்கிவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்குப் போன் போட்டு, அவருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"நான் வரலக்கா" என்றாள் அவள். "அண்ணன் போன் பண்ணாரு. கதவப் பூட்டச் சொன்னதே அப்பாதானாம். அசிங்கமாப் போச்சு, இனிமே வரவேணாம்னு சொல்லச் சொன்னாராம்."

"பொய்யிடி அது! உங்கப்பா இங்கதான் நிக்கிறாரு, எம் பக்கத்துல. உனக்காகத்தான் நிக்கிறாரு."



"அப்ப அவரு சொல்லட்டும்க்கா. நான் பூட்டச் சொல்லலன்னு அவரு வாயால ஒரு வார்த்த சொல்லட்டும். அடுத்த வண்டியப் பிடிச்சு வாரேன்."

போனை அவர் முகத்தருகே நீட்டினேன். அவர் உதடு அசைந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. "ஐயா, சொல்லுங்க" என்றேன். "சொல்லுங்கய்யா, ஒரே வார்த்த." கெஞ்சினேன் என்றுதான் சொல்லவேண்டும். அவர் போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"நான் சத்தியம் பண்ணிருக்கேன் தாயி" என்றார்.

அவர் அதை என்னிடம்தான் சொன்னார். அவளுக்கும் கேட்டது. "சரிக்கா, வச்சிர்றேன்" என்று அவள் வைத்துவிட்டாள்.

கமிட்டிமேல் எனக்குள்ள கோபம் பெரிதுதான். அந்த மகன்மேலும்தான். ஆனால் இரவில் படுத்தால் என் நெஞ்சில் வந்து உட்காருவது அந்தப் பெரியவர்மேல் உள்ள கோபம். சத்தியம் பண்ணியிருக்கிறேன் என்று என்னைப் பார்த்துச் சொல்ல முடிந்தவர், நான் பூட்டச் சொல்லவில்லை என்று அதே என்னைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். சத்தியமும் உடைந்திருக்காது, அவளுக்கும் கேட்டிருக்கும். வாயைத் திறக்காமல் மகள் கையைப் பிடிக்க வழி கண்டுபிடித்த மனிதருக்கு அந்த நேரத்தில் இது தோன்றவில்லையா, தோன்றியும் சொல்லவில்லையா? நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது?

அவள் போனை வைத்ததும் அவர் படியை இன்னொரு தரம் பார்த்தார். பிறகு வந்த வழியே சுற்றி உள்ளே போனார். அப்பம் வாங்க ஆட்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். வயதானவராயிற்றே, மகனே முன்னால் இடம்விட்டு அவரை நிறுத்தினான். போதகர் வந்ததும் பெரியவர் அதுவரைக்கும் மூடி வைத்திருந்த கைகளைப் பிரித்து, அப்பத்தை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் அதற்குப் பிறகு வரவில்லை.